பழைய பேக்டரிக்குள் நானோ: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரியில் சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் யூனிட் நடத்துபவர்கள், அங்கே ஷிஃப்ட் பார்ப்பவர்கள், பக்கத்து ஊர்களில் குடியிருப்பவர்கள், விவசாயிகள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் நானோ பற்றிக் கேட்பதை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொழிற்சாலைக்குள் நானோ பெரும்பாலும் ஒரு மூலப்பொருளாகத்தான் நுழைகிறது. ஆகவே எதை வாங்குகிறோம், எப்படிக் கலக்குகிறோம், எதை வைத்து அளக்கிறோம், மூட்டையைப் பிரிக்கும் ஆளுக்கு என்ன பாதுகாப்பு என்ற நான்கு விஷயங்களில்தான் ஜெயிப்பதும் தோற்பதும் இருக்கிறது.

நானோ என்றால் எவ்வளவு சின்னது? சின்னதாக இருந்தால் எனக்கு என்ன லாபம்?

ஒரு மீட்டரை நூறு கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர் இருக்கும். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ள துகள்களை நானோ துகள் என்கிறார்கள்.

லாபம் மேற்பரப்பில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் ஆறு பக்கத்தையும் கூட்டினால் 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே 1 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர் ஆகிவிடும். எடை அப்படியேதான் இருக்கிறது. வினை நடப்பது, ஒட்டுவது, கரைவது எல்லாமே மேற்பரப்பில் நடப்பதால், கொஞ்சம் பொருளை வைத்து நிறைய வேலை வாங்கலாம். ஆனால் தொல்லையும் அங்கேயிருந்துதான் வருகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காற்றில் எழும்பினால் லேசில் இறங்காது, அலுமினியம் மாதிரி உலோகப் பொடி என்றால் சட்டென்று தீப்பிடிக்கும்.

இது நிஜமாகவே புதுசா?

பாதிதான் புதுசு. டயர் ரப்பரில் போடும் கார்பன் பிளாக் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பழக்கத்தில் இருக்கிறது, அதன் அடிப்படைத் துகள் சில பத்து நானோமீட்டர்தான். புதுச்சேரி எரிப்பாக்கத்தில் எம்ஆர்எஃப் டயர் ஆலை இருப்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டயர் செய்கிற எந்த ஆலையும் நானோ என்ற பெயரே இல்லாத காலத்திலிருந்து நானோவைக் கையாண்டுகொண்டுதான் இருக்கிறது. பெயின்ட், பசை, பல்பசைக்கெல்லாம் போகிற ஃப்யூம்டு சிலிக்கா என்ற மிக மெல்லிய சிலிக்கா பொடி 1940களிலிருந்து விற்பனையில் இருக்கிறது.

புதுசு எதுவென்றால், துகளின் அளவையும் மேல்பூச்சையும் வேண்டியபடி செய்து, அளந்தும் காட்ட முடிகிறது என்பது. பெரிய நிறுவனம் ஒன்று இதைத் தன் பொருளுக்குள் கொண்டுவந்ததற்கு நல்ல உதாரணம் டொயோட்டா. அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் 1980களில் நைலானுக்குள் மிக மெல்லிய களிமண் தகடுகளைப் பிரித்துச் சேர்த்தார்கள், 1990களின் தொடக்கத்தில் அது காரின் டைமிங் பெல்ட் மூடியாக வந்தது. சேர்த்த களிமண் சுமார் 5 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, ஆய்வுக்கூடமும் பாகம் செய்யும் தொழிற்சாலையும் ஒரே குடைக்குள் இருந்தும் அது கடைக்கு வர பல வருஷம் ஆனது என்பதுதான். நம் சிறு யூனிட்டில் மூன்று மாசத்தில் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடலூர், புதுச்சேரியில் இருக்கிற தொழில்களில் எதற்குப் பொருந்தும்?

சுருக்கமாகச் சொல்கிறேன். பிவிசி பைப், ப்ரொஃபைல் போடுகிறவர்களுக்கு ஸ்டியரிக் அமிலம் பூசிய நானோ கால்சியம் கார்பனேட் நேரடியாகப் பயன்படும், அடி, மோதலைத் தாங்கும் திறன் கூடும். ரப்பர் பாகம் செய்பவர்களுக்கு நானோ துத்தநாக ஆக்சைடு உண்டு, வழக்கமாகப் போடும் அளவைக் குறைக்க உதவும். மருந்து மூலப்பொருள் ஆலைகளுக்குத் துகளை அரைத்துச் சிறிதாக்கும் வழி இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்கிறேன். சாயம் சம்பந்தப்பட்டவர்களுக்குக் கழிவுநீரில் நானோஃபில்ட்ரேஷன். அரிசி ஆலைக்காரர்களின் உமிச்சாம்பலில் இருக்கும் சிலிக்காவுக்கும் மதிப்பு உண்டு.

பெயின்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை. வெள்ளை பெயின்டில் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு 200 முதல் 300 நானோமீட்டர் அளவில் இருப்பதால்தான் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரிகிறது. அதை நானோ அளவுக்குக் குறைத்தால் வெள்ளை போய், கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெயில் க்ரீமுக்கு அது நல்லது, சுவருக்கு ஆகாது. அதிலும் அனடேஸ் என்ற படிக ரகத்தை மேல்பூச்சு இல்லாமல் போட்டால் வெயிலில் அது பெயின்டின் பிசினையே அரித்து, கையால் தொட்டால் மாவு ஒட்டும்படி செய்துவிடும். "நானோ போட்டால் நல்லது" என்று பொதுவாகப் பேசுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஒரு கிலோ பவுடர் வாங்கி ஹாப்பரில் கொட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன், இதில்தான் அதிகம் பணமும் வீணாகிறது.

நானோ பவுடர் மூட்டைக்குள்ளேயே உருண்டை கட்டிவிடுகிறது, ரவா உப்புமா கிளறும்போது கட்டி தட்டுகிற மாதிரி. 40 நானோமீட்டர் என்று லேபிளில் போட்டிருக்கும், ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி பைப்பாகத் தள்ளும் உங்கள் எக்ஸ்ட்ரூடருக்குள் போவது பல மைக்ரான் கட்டி (ஒரு மைக்ரான் ஆயிரம் நானோமீட்டர்). அந்தக் கட்டி பைப்பின் சுவரில் ஒரு பலவீனமான புள்ளியாக உட்காரும். வலு கூட வேண்டிய இடத்தில் குறையும். பிறகு "நானோவெல்லாம் ஏமாற்று வேலை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தப்பு பொருளில் இருப்பதைவிடக் கலப்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் பீக்கரை அல்ட்ராசோனிக் கருவியில் வைத்து அந்தக் கட்டிகளை உடைப்பார்கள், நூறு மில்லிக்கு அது அருமையாக வேலை செய்யும், ஆனால் ஐநூறு லிட்டர் தொட்டிக்கு அதே வழியில் போக முடியாது. அங்கே பீட் மில், ஹை ஷியர் மிக்ஸர் என்று வேறு இயந்திரம், வேறு சிதறல் ரசாயனம் எல்லாம் வேண்டும். ஆகவே நடுவில் ஒருவரைத் தேடுங்கள். பிளாஸ்டிக் என்றால் மாஸ்டர்பேட்ச் (துகளை அடர்த்தியாகக் கலந்த பிளாஸ்டிக் குருணை) போடுகிறவர், பெயின்ட் என்றால் சிதறலாகக் கலந்து டிரம்மில் தருகிறவர், துணி என்றால் ஃபினிஷிங் ரசாயனம் தருகிறவர். அவர்கள் துகளை ஏற்கெனவே பிசினிலோ தண்ணீரிலோ பிரித்து வைத்திருப்பார்கள். விலை கூடத்தான் இருக்கும். ஆனால் உங்களிடம் இருக்கும் மெஷினிலேயே, உங்கள் ஆட்களே, வழக்கமான கலர் மாஸ்டர்பேட்ச் போடுவதைப் போல போட்டுக்கொள்ளலாம், தூசியும் பறக்காது. இந்த நடு ஆட்கள் இல்லாமல் ஆய்வுக்கூடமும் சிறு தொழிற்சாலையும் நேராகக் கைகோத்து நான் பார்த்தது மிகக் குறைவு.

ட்ரையல் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், ட்ரையலுக்குக் காரணமாக ஒரு புகார் இருக்க வேண்டும். லாரியிலிருந்து இறக்கும்போது பைப் ஓரம் தெறிக்கிறது, கடலைப் பார்த்த சுவரில் பெயின்ட் சீக்கிரம் வெளுக்கிறது, இப்படி வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்கு ஏதாவது. அப்படி ஒன்று கையில் இல்லாமல் "நாமும் நானோ போடுவோம்" என்று ஆரம்பித்தால், முடிவில் நல்லதா கெட்டதா என்று சொல்லவே அளவுகோல் இருக்காது.

அப்புறம், ஒரே சைஸ், ஒரே மெஷின், ஒரே ரெசின் லாட். நானோ சேர்த்ததையும் சேர்க்காததையும் அதே நாளில் அடுத்தடுத்து ஓட்டுங்கள். போன மாசத்து ரிப்போர்ட்டோடு இன்றைய சரக்கை ஒப்பிடுவது ஒப்பீடே ஆகாது, மழைக்காலத்தில் நம் ஊர் ஈரப்பதம் மட்டுமே முடிவை மாற்றிவிடும். மோட்டார் எடுக்கும் ஆம்பியர், மெல்ட் பிரஷர், மணிக்கு எத்தனை கிலோ வருகிறது, டையில் படிவு சேருகிறதா என்பதையெல்லாம் அந்த ஷிஃப்ட் ஆபரேட்டரையே எழுத வையுங்கள். ஆபரேட்டர் "சார், இன்னிக்கு மெஷின் கொஞ்சம் இழுக்குது" என்று சொல்வது, லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலேயே கிடைக்கும் தகவல். அவரைக் கேட்காமல் ட்ரையலை முடித்துவிட்டு, பிறகு உற்பத்திக்கு வரும்போது அவர் ஒத்துழைக்கவில்லை என்று குறைசொல்வது நியாயமில்லை.

ஒரு லாட்டில் நன்றாக வந்ததும் ஆர்டர் போட்டுவிடாதீர்கள். குறைந்தது மூன்று வெவ்வேறு லாட் வாங்கிப் பாருங்கள், நானோ பொருளில் லாட்டுக்கு லாட் மாறுவதுதான் பெரிய தலைவலி. சேர்க்கும் அளவு ஒன்றிரண்டு சதவீதம் என்பதால் எடை போடுவதில் வரும் சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும், தராசை முதலில் சரிபாருங்கள். இன்னொன்றை எல்லோரும் மறக்கிறார்கள்: ஸ்கிராப். நானோ கலந்த துண்டுகளை அரைத்து வழக்கமான சரக்கில் சேர்த்தால் உங்கள் எல்லாப் பொருளும் கலப்படம் ஆகிவிடும், அதைத் தனியாக வையுங்கள். கணக்குப் போடும்போது கிலோ விலையைப் பார்க்காமல், விற்கிற ஒரு பைப்புக்கு எவ்வளவு கூடுகிறது, திரும்பி வரும் சரக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

சப்ளையர் கொடுப்பது நானோதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளந்துதான். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் துகளின் உருவத்தைக் காட்டும், ஆனால் படத்துக்கு நல்ல இடத்தைத் தேர்ந்தெடுத்து எடுக்க முடியும் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. திரவத்தில் துகள் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதை டைனமிக் லைட் ஸ்கேட்டரிங் சொல்லும். ஒரு கிராமுக்கு எத்தனை சதுர மீட்டர் என்பதை பிஇடி சோதனை சொல்லும், லாட்டுக்கு லாட் ஒப்பிட எனக்குப் பிடித்தது இதுதான், எண் ஒன்று வரும், மழுப்ப முடியாது. எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் படிக அளவைத்தான் தரும், துகள் அளவை அல்ல. இரண்டையும் ஒன்றாகக் காட்டும் சப்ளையர்கள் இருக்கிறார்கள், விழிப்பாக இருங்கள்.

இதற்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டியதில்லை. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் மையக் கருவிக்கூடம் இருக்கிறது, நானோ அறிவியல் தொழில்நுட்ப மையமும் இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மையக் கருவியியல் ஆய்வகம் இருக்கிறது. இவற்றில் இல்லாத கருவி நாட்டில் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஐ-ஸ்டெம் என்ற மத்திய அரசு இணையதளம் 2020இல் தொடங்கப்பட்டது, தொழிற்சாலைகளும் அதில் பதிந்து நேரம் கேட்கலாம்.

2006இல் ஜெர்மனியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். "மேஜிக் நானோ" என்ற பெயரில் குளியலறைக்கான ஸ்ப்ரே விற்றார்கள், அதை அடித்த நூறு பேர் அளவில் மூச்சுத் தொல்லை என்று வந்தார்கள். சோதித்துப் பார்த்தால் அதில் நானோ துகளே இல்லை. பெயர் ஒன்று, உள்ளே இருந்தது வேறு, கெட்ட பெயர் மட்டும் எல்லோருக்கும்.

பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேலை செய்ய முடியுமா? அவர்கள் பேப்பர் எழுதத்தானே பார்க்கிறார்கள்?

முடியும், ஆனால் இரண்டு பக்கத்தின் தேவையும் வேறு என்பதை முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சி மாணவருக்குப் புதிதாக ஒன்று நடந்தால் போதும், ஒரு தடவை நடந்தாலும் கட்டுரை ஆகும். உங்களுக்கு ஒரே மாதிரி ஆயிரம் தடவை நடக்க வேண்டும். ஆகவே "ஒரு கிராம் செய்து காட்டுங்கள்" என்று கேட்காமல், "ஒரு கிலோ, மூன்று லாட், நாங்கள் கடையில் வாங்கும் தரத்து ரசாயனத்தில்" என்று கேளுங்கள். ஆய்வுக்கூடத்தில் மிகச் சுத்தமான ரசாயனத்தில் வருகிற முடிவு, டேங்கரில் வருகிற ரசாயனத்தில் வராமல் போவது சாதாரணம். காப்புரிமை யாருக்கு, எப்போது கட்டுரை வெளியிடலாம், எதை வெளியில் சொல்லக்கூடாது, இவற்றை இரண்டு பக்கத் தாளிலாவது எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு வேலையை ஆரம்பியுங்கள்.

நடந்திருக்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. சென்னை ஐஐடி வேதியியல் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு, தண்ணீரில் இருக்கும் பூச்சிமருந்தை வெள்ளி நானோ துகள் பிடித்துச் சிதைக்கும் என்று கண்டுபிடித்தது, 2007 வாக்கில் அது யுரேகா ஃபோர்ப்ஸின் வீட்டு வடிகட்டியில் வந்தது. வடிகட்டி செய்கிற, வீடு வீடாக சர்வீஸ் போகிற நிறுவனம் ஏற்கெனவே இருந்ததால்தான் அது வீடுகளுக்குப் போனது. 2009 டிசம்பரில் வந்த டாடா ஸ்வச் வடிகட்டியிலும் உமிச்சாம்பலில்தான் நானோ வெள்ளியை ஏற்றினார்கள். உமிச்சாம்பல் வடிகட்டி அந்தக் குழுமத்தில் முன்பே இருந்தது, வெள்ளி பிறகு வந்தது.

பணத்துக்கு எங்கே போவது?

மத்திய அரசின் நானோ மிஷன் 2007இல் ஐந்து வருஷத்துக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கியது, அதில் பெரும்பகுதி ஆராய்ச்சிக்கூடங்களுக்கும் ஆட்களை உருவாக்கவும் போனது. தொழிற்சாலைக்கு என்று பார்த்தால், உள்நாட்டுத் தொழில்நுட்பத்தை விற்பனைக்குக் கொண்டுவர தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் கடன் தருகிறது. கடலூர் யூனிட் என்றால் தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் புத்தாக்க வவுச்சர் திட்டத்தைக் கேளுங்கள், சோதனைச் செலவுக்கு ஏற்றது. எல்லையில் இருக்கும் கன்னியக்கோயில் தொடங்கிப் புதுச்சேரிப் பக்கம் யூனிட் இருந்தால் தமிழ்நாட்டுத் திட்டம் உங்களுக்கு வராது, புதுச்சேரி மாவட்டத் தொழில் மையத்துக்குத்தான் போக வேண்டும். ஒரே முதலாளிக்கு இரண்டு பக்கமும் யூனிட் இருப்பது இங்கே சகஜம், எந்த யூனிட் பெயரில் விண்ணப்பிப்பது என்பதை முன்பே யோசித்து வையுங்கள்.

மருந்து ஆலைக்கு என்ன வழி?

தண்ணீரில் கரையாத மருந்துதான் வழி. புதிதாகக் கண்டுபிடிக்கும் மருந்துகளில் நிறைய இப்படித்தான் இருக்கின்றன, வயிற்றில் கரையாமலேயே வெளியே போய்விடும். அதைத் தண்ணீரில், சிறு மணிகள் நிரப்பிய மில்லில் அரைத்து சில நூறு நானோமீட்டருக்குக் கொண்டுவந்தால் மேற்பரப்பு கூடி வேகமாகக் கரையும். சிரோலிமஸ் மாத்திரை 2000இல் அமெரிக்காவில் இந்த முறையில் அனுமதி பெற்றது. அரைப்பது, வடிப்பது, காயவைப்பது எல்லாம் மருந்து மூலப்பொருள் ஆலைக்குத் தெரிந்த வேலைகள் என்பதால், லிப்பிட் துகள் மாதிரியான சிக்கலான வழிகளைவிட இது நம் ஆலைகளுக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆனால் துகள் அளவு மாறினால் உடலில் அதன் போக்கும் மாறலாம், ஆகவே பழைய மருந்துதானே என்று பழைய ஃபைலை நீட்ட முடியாது. நானோ மருந்துகளை மதிப்பிட இந்தியாவில் 2019இல் தனி வழிகாட்டு நெறிகள் வந்திருக்கின்றன. முதல் கூட்டத்திலேயே அரசு அனுமதி வேலைகளைப் பார்க்கும் ரெகுலேட்டரி ஆட்களை உட்கார வையுங்கள்.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறோம். நானோ சேர்த்தால் பிரச்சினை வருமா?

சொல்லாமல் சேர்த்தால் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் சட்டத்தில் 2020 ஜனவரி முதல் ஒரு ரசாயனத்தின் நானோ வடிவத்துக்குத் தனித் தகவல் கேட்கிறார்கள். பிரான்சில் 2013 முதல், வருஷத்துக்கு 100 கிராம் நானோ பொருள் கையாண்டாலே அங்கே இறக்குமதி செய்பவர் அரசிடம் அறிவிக்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள், உங்கள் வாங்குபவர் துகள் அளவு விவரம் கேட்டுக் கடிதம் போடுவார், உடனே கொடுக்க முடியவில்லையென்றால் ஆர்டர் நிற்கும். அழகுசாதனப் பொருளில் நானோ இருந்தால் லேபிளில் அந்தப் பொருளின் பெயருக்குப் பக்கத்திலேயே நானோ என்று குறிக்க வேண்டும். உணவில் டைட்டானியம் டை ஆக்சைடு 2022 முதல் அங்கே தடை.

மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிற ஆளுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது, பெரும்பாலான கூட்டங்களில் கடைசியாக வருவதோ யாருமே கேட்காமல் விடுவதோ இதுதான்.

ஆகலாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 2011இல் டைட்டானியம் டை ஆக்சைடுக்குக் காற்றில் இரண்டு வரம்பு பரிந்துரைத்தது: சாதாரண மென்துகளுக்கு ஒரு கன மீட்டரில் 2.4 மில்லிகிராம், நானோ அளவுக்கு 0.3 மில்லிகிராம். அதே பொருள்தான், துகள் சிறுத்ததும் எட்டில் ஒரு பங்குதான் பாதுகாப்பு வரம்பு. கார்பன் நானோ குழாய்களில் ஒரு வகையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2014இல் வகைப்படுத்தியது. ஆகவே சப்ளையர் தரும் பாதுகாப்புத் தகவல் தாளில் சாதாரண பொடிக்கான எண்களையே போட்டிருந்தால் அதை ஏற்காதீர்கள், நானோ வடிவத்துக்கானதைக் கேளுங்கள்.

செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. முடிந்தவரை பவுடராக வாங்காமல் மாஸ்டர்பேட்ச், சிதறல், பேஸ்ட் என்று வாங்குங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பவுடர்தான் வேண்டும் என்றால் மூட்டை பிரிக்கும் இடத்தில் தூசியை இழுக்கும் எக்ஸாஸ்ட் வையுங்கள், மேலே ஃபேன் போட்டுவிட்டு அதைக் காற்றோட்டம் என்று சொல்லாதீர்கள். துணி கட்டிக்கொள்வது போதாது, முகத்தில் சரியாகப் பொருந்தும் என்95 அல்லது அதற்கு மேலான மாஸ்க் வேண்டும். கீழே சிந்தியதைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளுகிற பழக்கம் நம் ஷெட்களில் இருக்கிறது, அதை இன்றே நிறுத்துங்கள். ஈரத்துணியால் துடையுங்கள் அல்லது ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம் போடுங்கள். வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்கச் சொல்லாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்தான் பெரும்பாலும் மூட்டை பிரிக்கிறார் என்பதால் அவர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

நாங்கள் சிப்காட் பக்கத்து ஊர். உப்பனாற்றில் ஆலைக் கழிவால் ஏற்கெனவே பட்டது போதாதா?

கோபம் நியாயமானது. 2004இல் இந்த ஊர் மக்களே வாளி போன்ற எளிய கருவியை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, என்னென்ன வாயு வருகிறது என்று எண்ணோடு நிரூபித்தார்கள். அப்படிப்பட்ட ஊரிடம் "இது புதுத் தொழில்நுட்பம், ஒன்றும் ஆகாது" என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது, தப்பிக்கவும் கூடாது.

பிசினுக்குள்ளோ ரப்பருக்குள்ளோ இறுகிப்போன நானோ துகள் எளிதில் வெளியே வராது. கவலைப்பட வேண்டியது கழுவுகிற தண்ணீரைப் பற்றித்தான்: தொட்டி கழுவியது, துணியில் வெள்ளி நானோ ஏற்றிய பிறகு வருகிற பாத் தண்ணீர் போன்றவை. வெள்ளி கிருமியைக் கொல்லும் என்றுதான் சேர்க்கிறார்கள், அதே வெள்ளி கழிவுநீர் சுத்திகரிப்பில் வேலை செய்யும் நல்ல நுண்ணுயிரையும் பாதிக்கும், ஆற்றில் போனால் மீன் குஞ்சையும். ஆகவே ஊர்க் கூட்டத்திலோ பொது விசாரணையிலோ மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன பொருள், கழுவும் தண்ணீர் எங்கே போகிறது, சுத்திகரிப்பில் மிஞ்சும் ஸ்லட்ஜ் சேறு எங்கே போகிறது. இதற்கு நேராகப் பதில் சொல்லாத யூனிட்டுக்கு நானோ தேவையில்லை.

நானோஃபில்ட்ரேஷன் போட்டால் கழிவுநீர்ப் பிரச்சினை தீருமா?

இதில் நானோ துகள் எதுவும் இல்லை, சவ்வில் உள்ள துளை நானோமீட்டர் அளவில் இருப்பதால் அந்தப் பெயர். சாயத்தையும் கால்சியம் மாதிரி இரட்டை மின்னூட்ட உப்புகளையும் நிறுத்திவிட்டு, சாதாரண உப்பைப் பெருமளவு விட்டுவிடும். அதனால்தான் திருப்பூர் சாயக் கழிவுநீர் நிலையங்களில் உப்புத் தண்ணீரை மீட்டு மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்ப இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆர்ஓவைவிடக் குறைந்த அழுத்தத்தில் ஓடும், கரண்ட் செலவு குறையும். ஆனால் வடிகட்டியதில் மிஞ்சும் அடர்த்தியான திரவத்தை ஏதாவது செய்துதான் ஆக வேண்டும், அது மாயமாகிவிடாது. முன் சுத்திகரிப்பு சரியில்லாத ஆலையில் சவ்வு சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். முதலில் இருக்கிற ஈடிபியை (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை) ஒழுங்காக ஓட்டுங்கள்.

நானோ யூரியா அடித்தால் ஒரு மூட்டை யூரியா மிச்சம் என்கிறார்களே?

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயிகள் கேட்பது. கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ 2021இல் கொண்டுவந்தபோது அரை லிட்டர் பாட்டிலில் நைட்ரஜன் 4 சதவீதம், அதாவது 20 கிராம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்கு மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம். இலையில் தெளித்தால் வீணாகாமல் பயிர் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது கம்பெனியின் வாதம், மண்ணில் போடும் யூரியாவில் நிறைய வீணாவது உண்மைதான். ஆனாலும் நூறு சதவீதம் உள்ளே போனாலும் 20 கிராம் 20 கிராம்தான். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் நெல்லிலும் கோதுமையிலும் வயலில் சோதித்தபோது, யூரியாவைக் குறைத்துவிட்டு இதை அடித்த இடத்தில் விளைச்சல் குறைந்தது. பிறகு நைட்ரஜன் அளவைக் கூட்டிப் புது வகையும் வந்தது.

என் யோசனை: அடியுரத்தைக் குறைக்காதீர்கள். போட்டுப் பார்க்க ஆசையென்றால் கால் ஏக்கரில் மட்டும் அடித்து, பக்கத்தில் கால் ஏக்கரை வழக்கம்போல விட்டு, அறுத்து எடை போட்டுப் பாருங்கள்.

ஃபைபர் படகுக்கும் ஷெட் கூரைக்கும் நானோ கோட்டிங் அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் உப்புத்தூவல் சோதனை ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள், எத்தனை மணி நேரம் தாங்கியது என்று அதில் இருக்கும். அத்தோடு விடாமல், கோட்டிங் அடித்த தகட்டையும் அடிக்காத தகட்டையும் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்கத் தொங்கவிட்டுப் பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்றைப் போல கண்டிப்பான பரிசோதகர் கிடையாது. மேற்பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் அடித்தால் எந்தக் கோட்டிங்கும் நிற்காது.

கிராஃபீன்?

கேட்கிற எல்லோருக்கும் ஒரே பதில்தான். கிராஃபீன் என்பது ஒரே அணு தடிமன் உள்ள கார்பன் தாள்; அதைப் பிரித்தெடுத்தது 2004, நோபல் பரிசு 2010. கடையில் அந்தப் பெயரில் விற்பதில் நிறைய, வெறும் மெல்லிய கிராஃபைட் தகடுகள். உங்களுக்கு ஒரு புகார் இருந்து, அதை வேறு எதுவும் தீர்க்கவில்லை என்றால் மட்டும் தொடுங்கள்.

பிள்ளை எம்.எஸ்சி. நானோ படிக்கிறான். இங்கேயே வேலை கிடைக்குமா?

"நானோ இன்ஜினியர் தேவை" என்று கடலூரில் யாரும் போர்டு மாட்டப்போவதில்லை. வேலை இருப்பது க்யூசி (தரச் சோதனை) லேப், ஆர் அண்ட் டி, மாஸ்டர்பேட்ச் கம்பெனி, பெயின்ட் ஃபார்முலேஷன், ரெகுலேட்டரி டெஸ்க் இவற்றில்தான். ஆகவே படிக்கும்போதே ஒரு விடுமுறையில் எக்ஸ்ட்ரூடர் ஓடுகிற ஷெட்டிலோ பெயின்ட் யூனிட்டிலோ நின்று பழகச் சொல்லுங்கள். ஒரு சாம்பிளை பிஇடியிலும் லைட் ஸ்கேட்டரிங்கிலும் தானே அளந்து, இரண்டு எண்ணும் ஏன் வேறுபடுகிறது என்று ஒரு முதலாளிக்குத் தமிழில் சொல்லிப் புரியவைக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தப் பக்கம் பற்றாக்குறைதான். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடினால், பக்கத்து யூனிட்டில் போய் "உங்களுக்கு எந்தச் சரக்கு அடிக்கடி திரும்பி வருகிறது" என்று கேட்டு, அதையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.